இடிபட்ட தூணை யார் பார்ப்பது?

பஹ்ரைனின் ஈசா டவுனில் நான் வழக்கமாக வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு நிழற்கூரை உண்டு. வளைகுடாவில் வாழ்ந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. வரிசையாக இரும்புத் தூண்கள், ஒவ்வொரு தூணின் தலையிலிருந்தும் முன்னால் நீளும் ஒரு கை, அதன் மேல் இழுத்துக் கட்டிய துணி. அந்த வரிசையில் மூன்றாவது தூணில், முழங்கால் உயரத்தில், ஓர் ஒடுக்கு விழுந்திருக்கிறது. உள்ளங்கையை வைத்தால் அதற்குள் அடங்கிவிடும். ரிவர்ஸ் எடுத்த ஒரு பிக்கப் வண்டி இடித்தது. அன்று நான் அங்கே இருந்தேன். ஓட்டி வந்தவர் இறங்கிப் பம்பரைத் தடவிப் பார்த்தார். பின்விளக்கு உடைந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். சத்தம் கேட்டு வந்த காவலாளியும் வண்டியைத்தான் பார்த்தார். பத்து நாள் கழித்துத் தூணுக்குப் புது பெயின்ட் அடித்தார்கள். ஒடுக்கு போகவில்லை, வெள்ளையாகிவிட்டது, அவ்வளவுதான்.

வண்டிக்கு அடிபட்டால் கவனிக்க ஆள் இருக்கிறது. டிங்கரிங் பட்டறை இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது. போலீஸ் ரிப்போர்ட் இல்லாமல் ஒரு சின்ன நசுங்கலைக்கூடப் பட்டறைக்காரர் தொடக் கூடாது என்கிற கட்டுப்பாடு வளைகுடா நாடுகள் பலவற்றில் உண்டு. தூணுக்கு அடிபட்டால் யாரைக் கூப்பிடுவது? இந்தக் கேள்விக்கு இங்கேயும் பதில் இல்லை, நம் ஊரிலும் பதில் இல்லை.

இரும்புக் கட்டுமானத் தொழிலில் கால் நூற்றாண்டாக இருக்கிறேன். தூணை அறுத்து, துளை போட்டு, வெல்டிங் வைத்து, தூக்கி நிறுத்திக் குண்டு நூல் பிடிப்பதுதான் என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வண்டி இடித்த இரும்புத் தூண் அந்த நொடியிலேயே விழுவது அபூர்வம். பெரும்பாலும் அது நின்றுவிடும். நிற்கிறதே, அப்படியானால் ஒன்றும் ஆகவில்லை என்று நாமும் நகர்ந்துவிடுகிறோம். ஆபத்து தொடங்குவது அங்கேதான்.

வண்டியும் தூணும் ஒரே இடத்தில்

பஹ்ரைனில் 1960களில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர் ஈசா டவுன். அன்றைய ஆட்சியாளர் ஷேக் ஈசா பின் சல்மான் அல் கலீஃபாவின் பெயரைத் தாங்கியது. பஹ்ரைன் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி இந்த ஊரில்தான் இருக்கிறது. பஹ்ரைன் பாலிடெக்னிக்கும் இங்கேதான். 1950இல் தொடங்கப்பட்ட இந்தியப் பள்ளியின் வளாகம் இங்கே இருப்பதால், காலை நேரத்தில் பள்ளிப் பேருந்துகளும் பெற்றோரின் கார்களும் இந்தத் தெருக்களை நிறைத்துவிடும். அந்தக் கூட்டத்தில் தமிழ்ப் பேச்சு கேட்காத நாள் இல்லை. சற்றுத் தள்ளிப் போனால் சல்மாபாத்தின் பட்டறைகள், கிடங்குகள், லாரிகள்.

வெயில் நாட்டில் நிழல் வேண்டும். நிழலுக்குத் தூண் வேண்டும். பெட்ரோல் பங்கின் அகலமான கூரை நாலைந்து தூண்களில் நிற்கிறது, அந்தத் தூண்களை ஒட்டியே நாள் முழுக்க வண்டிகள் திரும்புகின்றன. நெடுஞ்சாலையின் குறுக்கே நிற்கும் வழிகாட்டிப் பலகைக்கு இரண்டு பக்கமும் தூண். கிடங்குக்குள் ரேக்குகளின் மெல்லிய கால்கள், அவற்றுக்கு இடையே ஃபோர்க்லிஃப்ட். எங்கு பார்த்தாலும் வண்டி புழங்கும் இடத்திலேயே தூணும் நிற்கிறது. இந்த இரண்டும் ஒரு நாள் முட்டிக்கொள்ளும் என்பதை எதிர்பாராத விபத்து என்று சொல்வது சரியல்ல. எதிர்பார்த்தே கட்ட வேண்டிய நிகழ்ச்சி அது.

இடிக்கும் நொடியில் நடப்பது

1,500 கிலோ எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. பார்க்கிங்கில் இடம் தேடும் வேகம். ஓடிப் போய்ப் பிடித்துவிடலாம். காரின் முகப்பு எவ்வளவு எளிதாக நசுங்கும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு எளிய வாய்பாட்டில் போட்டுப் பார்த்தால், அது தூணில் செலுத்தும் விசை சுமார் 60 கிலோநியூட்டன். ஆறு டன் எடையைப் பக்கவாட்டில் வைத்து அழுத்தியதற்குச் சமம். வேகம் இரண்டு மடங்கானால் இந்த விசையும் இரண்டு மடங்காகும். மோதலில் வரும் ஆற்றலோ நான்கு மடங்காகும். தூண் எவ்வளவு வளைய வேண்டியிருக்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்த ஆற்றல்தான்.

அடி விழுந்ததும் தூண் என்ன செய்கிறது? குழாய் வடிவத் தூணாக இருந்தால், முதலில் அடிபட்ட இடத்தில் சுவர் உள்வாங்கும். எவர்சில்வர் குடம் கிணற்றுச் சுவரில் மோதினால் எப்படி உள்வாங்குமோ அப்படி. அதோடு ஆற்றல் தீரவில்லை என்றால், அந்த ஒடுக்கையே கீல்போல வைத்துக்கொண்டு தூண் முழுவதும் வளையத் தொடங்கும். அதற்குள் இன்னொரு கீல் அடியில், தூணைத் தரையோடு பிணைக்கும் பேஸ் பிளேட்டை ஒட்டி உருவாகிவிடும். ‘ஐ’ வடிவத் தூணுக்குத் திசை முக்கியம். ஒரு பக்கமாக இடித்தால் முரட்டுத்தனமாக எதிர்க்கும். மறு பக்கமாக இடித்தால் அதே தூண் வெகு எளிதில் வளைந்துகொடுக்கும். கட்டும்போது எந்தப் பக்கத்தைச் சாலைக்குக் காட்டி நிறுத்தினோம் என்பது அன்று யாருக்கும் பெரிதாகத் தெரியாது. லாரி இடிக்கும் நாளில்தான் தெரியும்.

இரும்பின் நல்ல குணம் ஒன்றையும் சொல்ல வேண்டும். அது சட்டென்று முறியாது. வளைந்து வளைந்து ஆற்றலைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். மெதுவாக இழுக்கும்போது காட்டுவதைவிட வேகமாக அடிக்கும்போது சாதாரணக் கட்டுமான இரும்பு கூடுதல் வலுவைக் காட்டும் என்பது சோதனைக்கூடங்களில் பல முறை கண்டறியப்பட்ட உண்மை. இந்தக் குணத்தால்தான் இத்தனை இடிகளுக்குப் பிறகும் நம் தூண்கள் நிற்கின்றன. ஆனால், வளைந்து வாங்கிய அடி வளைவாகவே தங்கிவிடுகிறது. கான்கிரீட் தூணில் அடிபட்டால் சில்லு பெயர்ந்து உள்ளே கம்பி தெரியும், பார்த்தவர் பதறுவார். இரும்புத் தூணின் காயத்தை ஒரு டப்பா பெயின்ட் மறைத்துவிடும்.

இடித்த பிறகு நடப்பது

பிள்ளையின் பிளாஸ்டிக் ஸ்கேலை மேசைமேல் நிமிர்த்தி வைத்து, மேலிருந்து விரலால் அழுத்திப் பாருங்கள். நேராக இருக்கும்வரை தாங்கும். நடுவில் இன்னொரு விரலால் லேசாகத் தொட்டால் போதும், பக்கவாட்டில் மடங்கிவிடும். அந்தத் தொடுதலில் பெரிய பலம் எதுவும் இல்லை. ஸ்கேலை மடக்கியது மேலிருந்த சுமை. தொடுதல் அதற்கு வழி காட்டியது, அவ்வளவுதான். லியோன்ஹார்டு ஆய்லர் என்ற சுவிஸ் கணிதமேதை 1744இலேயே இந்த மடங்கலுக்குக் கணக்குச் சொல்லிவிட்டார். தூணின் உயரம் இரண்டு மடங்கானால், மடங்காமல் அது தாங்கும் சுமை நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பது அவர் கணக்கு.

தூணின் உயிர் அதன் நேர்மையில் இருக்கிறது. ‘நேர்’ என்ற சொல்லை அதன் முதல் பொருளிலேயே சொல்கிறேன். உயரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வளைவு இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டுதான் வடிவமைப்பாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். மூன்று மீட்டர் தூணுக்கு அது மூன்று மில்லிமீட்டர். வண்டி இடித்து மூன்று சென்டிமீட்டர் விலகிவிட்டால் கணக்கில் இருந்ததைப் போலப் பத்து மடங்கு. அந்தத் தூணின் தலையில் பத்து டன் சுமை இருக்கிறது என்று வையுங்கள். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 300 கிலோவைத் தொங்கவிட்டால் எப்படி வளைக்குமோ, அப்படி ஒரு வளைப்பு இரவும் பகலும் அந்தத் தூணில் வேலை செய்துகொண்டிருக்கிறது. வளைவு கூடினால் வளைப்பு கூடும். வளைப்பு கூடினால் வளைவு கூடும். வண்டி இடித்துவிட்டு எப்போதோ போய்விட்டது. சுமை போகவில்லை.

தூண்களில் வண்டி மோதும்போது என்ன ஆகும் என்று கணினி மாதிரிகளிலும் சோதனைக்கூடத்திலும் ஆராய்ந்தவர்கள் மீண்டும் மீண்டும் சொல்வது இதைத்தான்: ஒரே அடியை, தலையில் சுமை குறைவாக உள்ள தூண் தாங்கிவிடும்; சுமை நிறைந்த தூண் தாங்காது. அடியின் பலத்தை மட்டும் பார்த்துத் தூணின் கதியைச் சொல்லிவிட முடியாது. அடிபட்ட நேரத்தில் அது எதைச் சுமந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மனிதர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் தூணைப் பற்றியே பேசுவோம்.

நிழற்கூரைத் தூணின் கதை கொஞ்சம் வேறு. துணிக்குப் பெரிய எடை இல்லை. அதன் எதிரி காற்று. வடமேற்கிலிருந்து ஷமால் வீசத் தொடங்கினால், விரித்த துணி பாய்மரம்போல இழுக்கும். கையை ஒரு பக்கம் மட்டும் நீட்டி நிற்கும் தூணில் அந்த இழுப்பு முழுவதும் அடிப்பாகத்தில்தான் வந்து சேரும். காரின் பம்பர் இடிக்கும் உயரமும் அந்த அடிப்பாகத்தை ஒட்டியதுதான். எந்த இடத்தில் முழு வலுவும் வேண்டுமோ அந்த இடத்திலேயே ஒடுக்கு விழுகிறது. எனவேதான் ஈசா டவுனின் அந்த மூன்றாவது தூணை நான் கடந்து போகும்போதெல்லாம் நின்று பார்க்கிறேன்.

அதற்கும் கீழே கண்ணுக்குத் தெரியாத இன்னொரு இடம் இருக்கிறது. பேஸ் பிளேட், ஆங்கர் போல்ட், தூணையும் பிளேட்டையும் சேர்க்கும் வெல்டிங். பெரும்பாலான பார்க்கிங்குகளில் இவற்றை மூடி இன்டர்லாக் கல் பதித்துவிடுகிறார்கள். தூண் வளையாமல் எதிர்த்து நின்றால் அடி முழுவதும் நேரே இங்கேதான் இறங்கும். வெல்டிங்கில் மயிரிழை விரிசல் விழலாம், போல்ட் இழுபடலாம், துத்தநாகப் பூச்சு உதிரலாம். கடலும் உப்பு மண்ணும் ஈரக்காற்றும் சூழ்ந்த பஹ்ரைன் போன்ற தீவில், பூச்சு உதிர்ந்த இரும்பைத் துரு சும்மா விடாது. மேலே தூண் பளபளவென்று நிற்கும். கல்லைப் பெயர்த்துப் பார்த்தால் அடி அரித்திருக்கும். பழைய தூண்களைக் கழற்றும்போது இதை என் கண்ணால் பல முறை பார்த்திருக்கிறேன்.

விதிநூல் சொல்லும் எண்கள்

இந்த ஆபத்தைப் பொறியியல் உலகம் அறியாமல் இல்லை. யூரோகோடு என்ற ஐரோப்பிய விதிநூல் இதற்கென்றே எண்கள் தந்திருக்கிறது. கார் மட்டும் வரும் நிறுத்துமிடத்தில் உள்ள தூண், வண்டி வரும் திசையில் 50 கிலோநியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். லாரி வந்துபோகும் முற்றமென்றால் 150. நகரச் சாலையை ஒட்டியதென்றால் 500. நெடுஞ்சாலையை ஒட்டியதென்றால் 1,000. நம் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 6 விதியும் பாலத் தூண்களுக்குச் சாலையின் திசையில் 1,000 கிலோநியூட்டன், குறுக்குத் திசையில் 500 என்று வகுத்திருக்கிறது. 1,000 கிலோநியூட்டன் என்றால் ஏறத்தாழ 100 டன் எடை பக்கவாட்டில் அழுத்துவது.

அமெரிக்காவில் பாலத் தூண்களுக்கு நெடுங்காலம் 1,800 கிலோநியூட்டன் என்று வைத்திருந்தார்கள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் போக்குவரத்து ஆய்வு நிலையத்தார் 36 டன் எடையுள்ள டிரெய்லர் லாரியை மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் உண்மையாகவே தூணில் மோதவிட்டு அளந்தார்கள். பழைய எண் போதாது என்று தெரிந்தது. விதி 2,670 கிலோநியூட்டனாக உயர்ந்தது. அங்கே லாரியை மோதவிட்டு அளந்துதான் விதியைத் திருத்துகிறார்கள். நாம் எழுதிவைத்த விதியைக்கூடக் கட்டி முடித்த அன்றோடு மறந்துவிடுகிறோம். இந்த எண்கள் எல்லாம் புதுத் தூணுக்கு, நேராக நிற்கும் தூணுக்கு. ஒரு முறை இடி வாங்கிய தூணுக்கு அந்த எண் பொருந்தாது.

கிரான்வில்லும் ஆலந்தூரும்

1977 ஜனவரி 18. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரை நோக்கிக் காலை நேரத்தில் வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு வந்த ரயில், கிரான்வில் என்ற இடத்தில் தடம் புரண்டது. தண்டவாளம் சரியாகப் பராமரிக்கப்படாததே காரணம். தடம் புரண்ட என்ஜின் மேம்பாலத்தின் இரும்புத் தாங்கு தூண்களை அடித்துச் சாய்த்தது. ரயில் நின்றது. சிறிது நேரத்தில் தூண் இழந்த பாலம், நூற்றுக்கணக்கான டன் கான்கிரீட்டோடு, அடியில் நின்ற பெட்டிகளின்மேல் இறங்கியது. 83 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது தடம் புரண்ட ரயில் அல்ல, தலைக்கு மேலிருந்த பாலம். அந்த இடத்தில் மறுபடியும் பாலம் கட்டியபோது நடுவில் தூணே இல்லாமல் ஒரே தாவலாகக் கட்டினார்கள். இடிபட வாய்ப்புள்ள இடத்திலிருந்து தூணையே எடுத்துவிட்டார்கள். இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

நம் சென்னையில் நடந்ததும் மறந்திருக்காது. 2022 ஆகஸ்டில் ஆலந்தூர் ஆசர்கானா அருகே மாநகரப் பேருந்து ஒன்று சாலையோரத்தில் இருந்த ராட்சத வழிகாட்டிப் பலகையின் தூணில் மோதியது. தூண் சாய்ந்தது, பலகை சாலையில் விழுந்தது. மோட்டார் சைக்கிளில் அந்த நேரத்தில் அந்த இடத்தைக் கடந்த ஒருவர் இறந்துபோனார். பேருந்து அவரைத் தொடவில்லை. தூணை இடித்தது ஒருவர், இறந்தது வேறொருவர். தூண் விபத்தின் குணமே இதுதான். ஓட்டுநரின் தவறு, தூணின் வழியாக, சம்பந்தமே இல்லாத ஒருவரின் தலையில் போய் இறங்குகிறது.

அடுத்தடுத்து விழுவதைத் தடுப்பது பற்றி உலகம் யோசிக்கத் தொடங்கியது வேறொரு விபத்தால். 1968இல் லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டுச் சமையலறையில் எரிவாயு வெடித்தது. 18ஆம் மாடியில் ஒரு சுவர் பெயர்ந்ததற்கு, அந்த மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை சரிந்தது. அதன்பின் பிரிட்டனின் கட்டட விதிகளில் ஒரு புதுக் கொள்கை நுழைந்தது: காரணம் சிறிதாக இருக்கையில் சேதம் அதற்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிதாகக் கூடாது. ஒரு தூண் போனால் பக்கத்துத் தூண்கள் அந்தச் சுமையைப் பகிர்ந்து வாங்கிக்கொள்ள வேண்டும். நான்கே தூண்களில் அகலக் கூரையை நிறுத்தும் இடங்களில் இந்தக் கேள்வியை நாம் கேட்டாக வேண்டும்: இதில் ஒன்று போனால்?

விழ வேண்டிய கம்பம்

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். எல்லாக் கம்பமும் உறுதியாக நிற்க வேண்டும் என்பதில்லை. நெடுஞ்சாலையோர விளக்குக் கம்பம், கட்டுப்பாடிழந்த கார் வந்து மோதினால், வளைந்தோ அடியிலிருந்து கழன்றோ வழிவிட வேண்டும். இல்லாவிட்டால் காரில் இருப்பவர் சாவார். இதற்கென்றே ஐரோப்பாவில் இ.என். 12767 என்ற தர விதி இருக்கிறது. மோதும் வண்டியின் வேகத்தைக் கம்பம் எவ்வளவு தணிக்கிறது என்பதைப் பொறுத்து அது கம்பங்களை வகை பிரிக்கிறது. அடியில் வழுக்கிக் கழன்றுகொள்ளும் வகைக் கம்பங்கள் பல நாடுகளில் நடைமுறையில் உள்ளன.

ஆக, ஒரே இரும்பு, ஒரே குழாய். ஆனால் கடமை வேறு. தலையில் ஒரு விளக்கை மட்டும் தாங்கும் கம்பம், மோதியவரைக் காப்பாற்ற விழ வேண்டும். தலையில் கூரையையோ பாலத்தையோ ராட்சதப் பலகையையோ தாங்கும் தூண், அடியில் இருப்பவர்களைக் காப்பாற்ற நிற்க வேண்டும். நிற்க வேண்டிய தூணை வண்டி நெருங்கவே முடியாதபடி கிராஷ் பேரியர் போட்டுக் காக்க வேண்டும். விழ வேண்டிய கம்பத்துக்குக் கான்கிரீட் திண்டு கட்டி முரட்டுத்தனமாக நிறுத்துவதும், விழக் கூடாத தூணைச் சாலை விளிம்பில் வெறுமனே விடுவதும் ஒரே அளவு குற்றம். நம் ஊர்ச் சாலைகளில் இரண்டையும் ஒரு கிலோமீட்டருக்குள் பார்க்க முடிகிறது.

சொல்லப் பயப்படும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்

வளைகுடாவில் இடிபடும் தூண்களில் ஆக மெல்லியது கிடங்கு ரேக்கின் கால்தான். தகட்டை மடித்துச் செய்தது. தலைக்கு மேல் பல தட்டுகளில் டன் கணக்கில் சரக்கைத் தாங்குவது. அதைச் சுற்றி ஓடும் ஃபோர்க்லிஃப்ட், சரக்கோடு சேர்ந்து ஒரு காரைவிட மூன்று நான்கு மடங்கு எடை இருக்கும். ஓட்டுபவர்களில் நம் ஆட்கள் ஏராளம். புதுக்கோட்டையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வந்து பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்ப்பவர்கள்.

இந்த ரேக்குகளுக்கு ஐரோப்பாவில் இ.என். 15635 என்ற விதி இருக்கிறது. அது சொல்லும் சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான மட்டப்பலகை போதும். அடிபட்ட இடம் நடுவில் வரும்படி அதைக் காலோடு ஒட்டி வைத்து, இடையில் விழும் இடைவெளியை அளக்க வேண்டும். ரேக்கின் ஆழத் திசையில் மூன்று மில்லிமீட்டர், நீளத் திசையில் ஐந்து மில்லிமீட்டர்: இவைதான் எல்லை. எல்லைக்குள் இருந்தால் பச்சை, கண்காணித்தால் போதும். எல்லையைத் தாண்டி அதன் இரண்டு மடங்குவரை மஞ்சள். இருக்கும் சரக்கை எடுத்த பிறகு, பழுது பார்க்காமல் மறுபடி ஏற்றக் கூடாது. இரண்டு மடங்கையும் தாண்டினால் சிவப்பு. அந்த நிமிடமே சரக்கை இறக்கிவிட வேண்டும்.

மூன்று மில்லிமீட்டர் என்பது கண்ணுக்கு எளிதில் படாத அளவு. அத்தனை சிறிய வளைவுக்கு ஒரு கண்டம் முழுவதற்கும் விதி எழுதியிருக்கிறார்கள். ஏனென்றால் அடிபட்ட ஒரு கால் மடங்கினால், பக்கத்து ரேக் அதன்மேல், அதன் பக்கத்து ரேக் அதற்கு மேல் என்று ஒரு வரிசையே சாயக்கூடும்.

ஆனால், அந்த மட்டப்பலகையை எடுத்து வருவதற்கு, இடித்தது முதலில் தெரிய வேண்டுமே. ஓட்டுநர் சொன்னால்தானே தெரியும்? சொன்னால் சம்பளத்தில் பிடிப்பார்கள், எச்சரிக்கைக் கடிதம் தருவார்கள், விசா புதுப்பிக்கும் நேரத்தில் நினைவு வைத்திருப்பார்கள் என்ற பயம் அவருக்கு இருக்கிறது. வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு தம்பி என்னிடம் தனியாக வந்து, “அண்ணே, ராத்திரி ஷிஃப்ட்ல கால்ல லேசா தட்டிருச்சு, சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிடாதீங்க” என்றான். போய்ப் பார்த்தேன். லேசாக இல்லை. அன்று சரக்கை இறக்க வைப்பதற்குள் அவன் முகத்தில் இருந்த பயத்தை நான் இன்னும் மறக்கவில்லை. சொன்னவனைத் தண்டிக்கும் இடத்தில் தூண்கள் பொய் சொல்லத் தொடங்கிவிடும். இடித்ததைச் சொன்னதற்காக யாருக்கும் ஒரு தினார்கூடப் பிடிக்கப்படாது என்று கிடங்கின் வாசலில் எழுதிப் போடுங்கள். எந்த எஃகையும்விட அது அதிகம் பேரைக் காப்பாற்றும்.

வீட்டு முனையில் நட்ட கல்

செய்ய வேண்டியது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. நம் தாத்தாக்கள் செய்ததுதான். எங்கள் ஊர்த் தெருமுனைகளில், வீட்டுச் சுவரின் மூலையை ஒட்டி இடுப்பளவுக் கருங்கல் ஒன்றைச் சாய்வாக நட்டிருப்பார்கள். வைக்கோல் பாரம் ஏற்றித் திரும்பும் மாட்டுவண்டியின் அச்சு சுவரில் உரசாமல், சக்கரம் கல்லில் ஏறி விலகிப் போகும். கல்லில் வரி வரியாகத் தழும்பு விழுந்திருக்கும். சுவரில் ஒரு கீறல் இருக்காது. அடி வாங்க ஒன்று, சுமை தாங்க வேறொன்று என்று பிரித்து வைத்த அறிவு அது.

இன்றைக்கு அந்தக் கல்லின் பெயர் பொல்லார்டு. தூணுக்கு முன்னால், தூணைத் தொடாமல், தனி அஸ்திவாரத்தில், கான்கிரீட் நிரப்பிய குட்டைக் குழாயை நட வேண்டும். தூணைச் சுற்றி நெளித்தகடு மாட்டி மஞ்சள் கறுப்புப் பட்டை அடிப்பது காவல் ஆகாது. அந்தத் தகடு தூணிலேயே பொருத்தப்பட்டிருந்தால் அடி தூணுக்குத்தான் போகும். குழாய்த் தூணின் அடிப்பாகத்தில் கான்கிரீட் நிரப்புவது நல்ல பலன் தரும். சுவர் உள்வாங்குவதை அது தடுக்கிறது. புதிதாகக் கட்டுபவர்கள் வரைபடத்தில் வண்டி திரும்பும் பாதையை வரைந்து பார்த்து, அந்த வளைவுக்குள் வரும் தூணை நகர்த்திவிட்டாலே பாதி வேலை முடியும். காகிதத்தில் நகர்த்த ஒரு அழிரப்பர் போதும்.

ஏற்கெனவே நிற்பவற்றுக்கு மூன்று காரியங்கள். ஒன்று, ஒவ்வொரு தூணுக்கும் எண் எழுதி, இடித்த தேதியைப் பதிவு செய்ய ஒரு நோட்டு. இரண்டு, இடித்த தூணைப் பொறியாளர் ஒருவர் மட்டப்பலகையும் குண்டு நூலும் வைத்து அளந்து, அடியில் பதித்த கல்லைப் பெயர்த்து வெல்டிங்கையும் போல்ட்டையும் பார்த்து, எழுத்தில் சொல்லும்வரை பெயின்ட் அடிக்கத் தடை. மூன்று, காரின் இன்சூரன்ஸ் பணத்தில் தூணுக்கும் பங்கு. போலீஸ் ரிப்போர்ட்டில் ‘தூணில் மோதியது’ என்று எழுதும்போதே அந்தத் தூணின் சொந்தக்காரருக்கு ஒரு நகல் போனால், அளக்காமல் விட்டோம் என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. நகராட்சிகளும் மாநகராட்சிகளும் நெடுஞ்சாலைத் துறைகளும் இதை ஓர் ஆணையில் செய்துவிடலாம். பஹ்ரைன் தலைநகர் மனாமாவுக்குச் சொல்வதைத்தான் சென்னைக்கும் சொல்கிறேன்.

ஈசா டவுனின் பொறியியல் வகுப்பறைகளில் ஆய்லரின் கணக்கைக் கரும்பலகையில் போட்டு, ஒரு தலைமுறையே கற்று வெளியே வருகிறது. அவர்களில் ஒரு சிலர் ஆண்டுக்கு ஒரு வாரம் மட்டப்பலகையோடு தங்கள் ஊரின் பார்க்கிங்குகளைச் சுற்றி வந்தால், எத்தனை தூண் நேராக நிற்கிறது என்று இந்த ஊருக்குத் தெரிந்துவிடும். சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் உள்ள பொறியியல் மாணவர்களுக்கும் இதே வேண்டுகோள்.

அந்த மூன்றாவது தூணைப் பற்றி அந்த இடத்தின் பொறுப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அளவோடு, படத்தோடு. பதில் வரும்வரை அதன் அடியில் வண்டி நிறுத்துவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். நிறுத்தப் போகிறவர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் நாளைக் காலை வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது, பக்கத்தில் நிற்கும் தூணை முழங்கால் உயரத்தில் ஒரு முறை பாருங்கள். ஒடுக்கு இருந்தால் கையால் தடவிப் பாருங்கள். உரியவரிடம் எழுத்தில் சொல்லுங்கள்.